விளையை விற்றுப் படிக்க வேண்டிய படிப்பா இது?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

கிள்ளியூர் வட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறோம். கணவர் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். இவருக்கு வீட்டிலேயே தையல் வேலை. மூத்த மகன் இன்ஜினியரிங் படித்தும் ஐந்து அரியர் நிற்கிறது. இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறான். அவனுக்காக வாங்கிய கல்விக்கடன் இன்னும் தீரவில்லை.

மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் முதல் குரூப் எடுத்து, பிளஸ் டூவில் 541 வாங்கியிருக்கிறாள். பள்ளியில் கடல் அரிப்பைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட் செய்ததிலிருந்து, பொருளாதாரமும் சுற்றுச்சூழலும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறாள். டீச்சர் ஒருவர் உதவியோடு நுழைவுத் தேர்வு எழுதி, பெங்களூரு பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ‘லிபரல் ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ்’ படிப்பில் இடமும் வாங்கிவிட்டாள். பாதிக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்கிறது. விடுதி, சாப்பாடு உட்பட மீதி ஆண்டுக்கு இரண்டரை லட்சம். அதற்காக 22 சென்ட் ரப்பர் விளையை (தோட்டத்தை) விற்கலாமா என்று வீட்டில் பேச்சு.

இதற்கிடையில் கொழுந்தனார், “மைனி, பி.ஏ. படிக்கதுக்கா பெங்களூரு வரைக்கும் போவணும்?” என்று சொல்லி, பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் 25,000 ரூபாய் முன்பணம் கட்டவைத்து, அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் கொடுக்கவைத்துவிட்டார். இப்போது திருப்பிக் கேட்டால், முதல் வருஷ ஃபீஸ் முழுவதையும் கட்டினால்தான் தருவோம் என்கிறார்களாம்.

“இந்தப் படிப்பு சோறு போடுமா? ஆர்ட்ஸ் என்றால் முதல் குரூப் எடுத்ததே வீண்தானே? அரசு வேலைக்கு ஒத்துக்கொள்வார்களா? விளையை விற்கலாமா? சான்றிதழ் கிடைக்குமா?” என்று கேட்கிறார்.

உயர்கல்வி ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை யோசித்து முடிவெடுக்கலாம். இதற்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சான்றிதழும் முன்பணமும்

இன்ஜினியரிங் கல்லூரிகள் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட வேண்டும். பணயமாகப் பிடித்துவைக்க உரிமை கிடையாது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் இதேபோல் உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே, கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்பது மிரட்டல்தான். அதற்குச் சட்ட பலம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதுவரை நீங்கள் வாய்வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். நேரில் போய்க் கெஞ்சிவிட்டுத் திரும்புபவர்களிடம் கேட்டதற்கான அத்தாட்சியே இருக்காது. நாளைக்கே மகளும் நீங்களும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். சேர்க்கையிலிருந்து விலகுகிறோம், இந்தத் தேதியில் கட்டிய 25,000 ரூபாயையும் இன்னின்ன அசல் சான்றிதழ்களையும் ஏழு நாளுக்குள் தர வேண்டும் என்பது போதும். காரணம் எழுத வேண்டாம். எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அன்றே, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீது தராமல் விட்டிருந்தால் ஜிபே அல்லது வங்கிக் கணக்கில் பணம் போன விவரத்தை அச்செடுத்து இணையுங்கள். ஏழு நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் ஏ.ஐ.சி.டி.இ.யின் இணையக் குறைதீர்ப்புப் பக்கத்தில் புகார் பதிந்து, அந்த எண்ணோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனுநாளிலும் ஒன்று கொடுங்கள். பெரும்பாலும் அந்தத் தபால் போய்ச் சேர்ந்ததுமே கல்லூரியிலிருந்து கூப்பிடுவார்கள். கொழுந்தனாரை நடுவில் பேசவிட வேண்டாம். அவர் சங்கடப்படுவார், நாளும் போகும்.

அதுவரை மற்றக் கல்லூரிகளில் டிஜிலாக்கரில் உள்ள மதிப்பெண் பட்டியலைக் காட்டி, அசலைப் பிறகு தருகிறோம் என்று எழுதிக்கொடுத்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள்.

முதல் குரூப் வீணாகுமா?

ஆகாது. ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்லை வைத்து நீங்கள் நினைப்பது நம் ஊர் ஆர்ட்ஸ் குரூப்பை. இந்தப் படிப்பில் இயற்பியல், உயிரியல், கணிதம் எல்லாம் உண்டு. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் இதன் ஏழு பாடங்களில் எண்கணிதம், வடிவியல், வானியல் மூன்றும் இருந்தன. இன்று இந்தியாவில் இதை நடத்தும் இடங்களில் பொதுவாக முதல் ஆண்டு எல்லாருக்கும் எழுத்துப் பயிற்சி, புள்ளியியல், ஓர் அறிவியல், ஒரு சமூக அறிவியல் என்று இருக்கும். அதன்பின் ஒரு முதன்மைப் பாடம், விரும்பினால் ஒரு துணைப்பாடம், நான்காம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை. பொருளாதாரத்தை முதன்மையாக எடுக்கிற பிள்ளைக்குக் கணிதம் படித்துவந்தது பெரிய பலம்.

உங்கள் மகள் செய்த ப்ராஜெக்டையே பார்ப்போம். நம் கடற்கரை ஊர்களில் தூண்டில் வளைவு போடுகிறார்கள். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டினால், கரையோரமாக நகர்ந்து வருகிற மணல் அதில் தட்டி ஒரு பக்கம் சேரும். மறு பக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகாததால் அங்கே கரை அறுக்கும். ஒரு ஊருக்கு வளைவு வந்ததும் அடுத்த ஊர், ‘எங்களுக்கும் போடு’ என்று ரோட்டில் உட்காருகிறது. இதில் மணல் எந்த மாதம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது இயற்பியல். கல்லுக்கு ஆகும் செலவையும் இடியப்போகும் வீடுகளையும் எடைபோடுவது பொருளாதாரம். உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் என்ன கட்டலாம் என்பது 2019ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அதாவது சட்டம். முன்பு கரை எதுவரை இருந்தது என்று ஊரில் வயதான வலைக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதில் எதை நம்பலாம் என்று பிரித்தெடுப்பது வரலாறு. இதில் ஒன்றை மட்டும் படித்தவருக்கு வளைவு போட்டதும் ஏன் அடுத்த ஊரில் சண்டை வருகிறது என்பது புரியாது.

ஆனால் இத்தனை பாடத்தையும் தொட்டுப்பார்ப்பதல்ல இதன் மதிப்பு. தொட்டுப்பார்க்க யூடியூப் போதும். ஒரு முதலாண்டு மாணவி, ‘தூண்டில் வளைவால் எங்கள் ஊரில் கடல் அரிப்பு நின்றது’ என்று எழுதிக்கொடுக்கிறாள் என்று வையுங்கள். நல்ல ஆசிரியர் அந்த ஒரு வரிக்கு ஓரத்தில் நான்கு கேள்வி எழுதுவார். எத்தனை மீட்டர் கரை மிச்சமானது? எந்த ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தோடு எதை ஒப்பிட்டாய்? இரண்டும் ஒரே மாதத்தில் எடுத்ததா? வளைவு போடாத பக்கத்து ஊரில் அதே காலத்தில் என்ன ஆயிற்று? மூன்றாவது கேள்வியில்தான் பல ப்ராஜெக்டுகள் கவிழும். ஜூலை மாதத்துக் கொந்தளிப்பில் கரை குறுகியிருக்கும், ஜனவரியில் மணல் திரும்ப ஏறியிருக்கும். ஜனவரிப் படத்தை முன்பும் ஜூலைப் படத்தைப் பின்பும் வைத்துப் பார்த்தால், ஆண்டுதோறும் வந்துபோகிற மாற்றத்தையே அரிப்பு என்று எழுதிவிடுவோம். மாணவி படத்தைத் தேடி எடுத்து, திருத்தி எழுதி, மறுபடி கொடுத்து, மறுபடி கேள்வி வாங்குவாள். ஒரு பருவத்தில் இப்படி நான்கைந்து கட்டுரை என்றால், பருவம் முடிவதற்குள் அவள் செய்தித்தாள் படிக்கிற விதமே மாறிவிடும்.

இந்தப் படிப்புக்குக் கொடுக்கிற பணம் அந்த ஓரக்குறிப்புக்குத்தான். அதை எழுத ஆள் இல்லாத இடத்தில், 120 பேரை உட்காரவைத்து நோட்ஸ் கொடுத்துத் தேர்வு வைக்கிற இடத்தில், ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று போர்டு மாட்டியிருந்தாலும் கிடைப்பது பழைய பி.ஏ.தான், விலை மட்டும் பத்து மடங்கு. ஓரக்குறிப்பு எழுதுகிற ஓர் ஆசிரியர் நாகர்கோவிலில் வாய்த்தால், அங்கேயே இந்தப் படிப்பு பாதி நடந்துவிடும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல் படகுகள் முன்பே கடலுக்குள் இருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. வானிலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், வயர்லெஸ் எட்டும் தூரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், எத்தனை நாள் தங்கல் என்று ஊருக்குத் தெரியும். மூன்றையும் ஒன்றாக வைத்து முன்கூட்டியே யோசிக்க ஆள் இல்லை. உங்கள் மகள் படிக்க நினைப்பது இந்த இடைவெளியைத்தான் என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

சோறு போடுமா?

போடும், ஆனால் 21 வயதில் உடனே அல்ல. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். நல்ல இன்ஜினியரிங் கல்லூரியில் நல்ல ரேங்கில் சேர்ந்த பிள்ளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்கிற வேகம் இதில் இல்லை. பொருளாதாரம் படித்தவருக்கு முதல் பட்டத்தோடு ஆய்வு உதவியாளர், தொண்டு நிறுவனத்தில் களப்பணி, வங்கி, தரவுப் பகுப்பாய்வு, பத்திரிகை என்று வேலைகள் உண்டு. உயர்ந்த சம்பளம் பெரும்பாலும் எம்.ஏ.வுக்குப் பிறகுதான். ஆகவே மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கு போடாமல் ஐந்தாறு ஆண்டுக் கணக்கு போடுங்கள். அத்தனை ஆண்டு குடும்பம் தாங்குமா என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

அதேசமயம், எதிரே இருப்பது நல்ல ரேங்கில் கிடைத்த இன்ஜினியரிங் சீட்டும் அல்ல. கவுன்சலிங்குக்கு முன்பே முன்பணம் வாங்கிச் சான்றிதழைப் பூட்டிவைக்கிற கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டு. மூத்தவனுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். விருப்பமில்லாத பிள்ளைக்கு முதல் வருஷக் கணக்கிலேயே அரியர் விழும். இன்ஜினியரிங் மோசமான படிப்பு அல்ல. அவள் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இஸ்ரோ சிவன் சாரைப் பாருங்கள் என்று கொழுந்தனார் உதாரணம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல உதாரணம்தான். சாரக்கல்விளையில் பிறந்த அவர் நாகர்கோவில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் முதலில் படித்தது பி.எஸ்சி. கணிதம். அதன்பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். அன்று எம்.ஐ.டி. பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டது, அந்த வழி இன்று அப்படியே இல்லை. ஆனாலும் பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். எந்தப் பட்டம் என்றாலும் கணிதம் இருந்தால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம். மூன்றாண்டு எல்.எல்.பி. எந்தப் பட்டதாரிக்கும் திறந்திருக்கிறது. 17 வயதில் இன்ஜினியரிங் சேராவிட்டால் கதவு மூடிவிடும் என்பது சரியல்ல.

அரசு வேலை

யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, வங்கி அதிகாரி தேர்வு எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவே. அந்தப் பட்டியலை இணையத்தில் நீங்களே பாருங்கள். கூடவே, பட்டம் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகமேதானா, வேறு எங்கோ உள்ள ஒன்றின் ‘சென்டரா’ என்பதையும் பாருங்கள்.

சிக்கல் ஆசிரியர் வேலையில் வரும். பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பட்டத்தின் பெயர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அது இன்ன பட்டத்துக்கு இணையானது என்று தமிழ்நாடு அரசின் இணைத்தன்மை ஆணை வேண்டும். அது இல்லாமல் தேர்வில் ஜெயித்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோனவர்கள் உண்டு. எனவே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பட்டத்தில் அச்சாகும் வாசகம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ‘பி.ஏ. பொருளாதாரம்’ என்று வந்தால் கவலை குறைவு. ‘லிபரல் ஸ்டடீஸ்’ என்று மட்டும் வந்தால், டீச்சர் வேலை என்கிற மாற்றுவழியை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விளையை விற்கலாமா?

கூடாது. ஆண்டுக்கு 2.5 லட்சம், நான்கு ஆண்டுக்கு 10 லட்சம். இதைக் கடனாக எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டு தொடக்கத்திலும் இரண்டரை லட்சம் வாங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கினால், அதற்குள் தனிவட்டியே 3.5 லட்சம் சேர்ந்திருக்கும். 13.5 லட்சத்தைப் பத்து ஆண்டில் கட்ட மாதம் சுமார் 17,800 ரூபாய். பட்டம் முடித்ததும் எம்.ஏ. படிக்கப் போகும் பிள்ளை இதைக் கட்ட முடியாது. கத்தாரிலிருந்துதான் வர வேண்டும். மூத்தவனின் கடனும் கூட நிற்கிறது. அதோடு, வழக்கமான கல்விக்கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும். விற்காவிட்டாலும் விளை வங்கியில் மாட்டிக்கொள்ளும்.

பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று போர்ட்டலில் பாருங்கள். இருந்தாலும் அசல் குறையாது என்பதை மறக்காதீர்கள்.

என் கணக்கில் உங்கள் குடும்பம் தாங்கக்கூடிய உச்சம் மொத்தம் 4 லட்சம். அதுவரை வங்கி ஈடும் கேட்காது, கைப்பணமும் கேட்காது. மேலே சொன்ன கணக்குப்படி தவணை மாதம் 7,100 ரூபாய் அளவில் நிற்கும். ஆகவே செய்ய வேண்டியது, சலுகையைக் கூட்டித்தரும்படி மேல்முறையீடு. இது பிச்சை கேட்பதல்ல. வருமானம் பார்த்துச் சலுகை தருகிற பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே ஒரு அலுவலகம் வைத்திருக்கின்றன. முதல் விண்ணப்பத்தில் நீங்கள் கணவரின் சம்பளத்தை மட்டும் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது இ-சேவை மையம் மூலம் தாசில்தார் வருமானச் சான்று, மூத்தவனின் கடன் கணக்கு விவரம், விளையின் பட்டா, ஆறு மாத வங்கி அறிக்கை ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எங்களால் ஆண்டுக்கு ஒரு லட்சம் முடியும், மீதி முடியாது என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று எழுதினால் பத்தாயிரம் குறைத்துவிட்டுப் பதில் போடுவார்கள்.

அதே கடிதத்தில் இவற்றையும் கேளுங்கள்: ஆண்டுதோறும் கட்டணம் ஏறினால் சலுகையும் அதோடு ஏறுமா? மதிப்பெண் எவ்வளவு குறைந்தால் சலுகை நிற்கும்? முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர்? பொருளாதார முதன்மைப் பாடத்தில் கணிதத் தாள்கள் எத்தனை? போன மூன்று பேட்ச் எங்கே போனார்கள்? கடைசிக் கேள்விக்கு நான்கு சிரிக்கும் முகங்களின் படத்தை அனுப்பினால், அது பதில் இல்லை.

முழுச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் சுற்றுகள் இப்படிப்பட்ட இடங்களில் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். உங்கள் தெருவில் இப்போது பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: செப்டம்பர், அக்டோபரில் தேடத் தொடங்க வேண்டும்.

நாகர்கோவிலிலேயே என்றால்

மேல்முறையீட்டுக்குப் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், இந்த வாரமே நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து உதவிபெறும் கல்லூரிகளில் விண்ணப்பம் போடுங்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இலிருந்து இருக்கிறது. நம் மாவட்டத்துக்குப் படிப்புக்கான பெயர் வந்ததே இந்தக் கலை, அறிவியல் கல்லூரிகளால்தான். இன்ஜினியரிங் கல்லூரிகள் பின்னால் வந்தவை. விண்ணப்பத்தில் ‘எய்டட்’ பிரிவா, ‘செல்ஃப் ஃபைனான்ஸ்’ பிரிவா என்று பார்த்துக் குறியுங்கள். ஒரே கட்டடம், ஒரே பாடம். கட்டணம் மட்டும் முதலாவதில் சில ஆயிரங்களில் முடியும். தமிழ்வழியில் உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

நம் ஊர்ப் பட்டத்திலேயே தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம், வேறு துறையிலிருந்து ஒரு தாள், சுற்றுச்சூழல் கல்வி, என்.எஸ்.எஸ். எல்லாம் இருக்கின்றன. எலும்புக்கூடு சரியாகத்தான் இருக்கிறது. கைடு வாங்கி மனப்பாடம் செய்து கடந்துபோவதால்தான் அது வெறும் கூடாகவே நிற்கிறது.

எந்தப் பாடம்? இங்கே நான் வழக்கத்துக்கு மாறாகச் சொல்வேன். துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ இல்லாத பி.ஏ. பொருளாதாரத்தைவிட பி.எஸ்சி. கணிதம் அவளுக்கு நல்லது. எம்.ஏ. பொருளாதார நுழைவுத் தேர்வுகளில் கணிதம் நிறைய வரும்; கணிதப் பட்டதாரிகளைப் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன ஆசிரியர் பணி விதியை நினைவில் வையுங்கள். பாடம் மாறினால் அந்த வழி சிக்கலாகும். அவளே தேர்ந்தெடுக்கட்டும். அறிவியல் பாடத்தில் சேர்ந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும். 541 போதுமா என்பதை இந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

கூடவே சேர்த்துக்கொள்ளக்கூடியவை: மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பொருளாதாரம், புவியியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்பின் அடிப்படை நிலையில் கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், பைதான் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022இலிருந்து அனுமதிக்கிறது. ஆனால் அதில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. கல்லூரி முதல் பருவத்திலேயே சேர்ந்தால் இரண்டும் கெடும். இரண்டாம் ஆண்டு போதும். கோடையில் இந்திய அறிவியல் அகாடமிகளின் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்யலாம்.

அந்த ஓரக்குறிப்பு? முதல் மாதத்திலேயே, தான் எழுதியதைப் படித்துத் திருத்தித்தர ஓர் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். எந்தத் துறையாக இருந்தாலும் சரி. மாதம் ஒரு கட்டுரை, 800 சொல், தமிழிலோ ஆங்கிலத்திலோ. மூன்று பேர் முடியாது என்றால் நான்காமவர் முடியும் என்பார்.

ஆங்கிலமும் அப்பாவும்

தமிழ்வழிப் பிள்ளை அங்கே திணறுவாளோ என்ற உங்கள் பயம் நியாயமானது. முதல் பருவம் திணறுவாள். வாரத்துக்கு ஐம்பது, அறுபது பக்கம் ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்வார்கள். சேர்வதற்கு முன் இருக்கிற வாரங்களில் தினம் ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கத்தை வாசித்து, அதன் வாதத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதி, மறுநாள் அந்த ஐந்து வரியை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் திருப்பி எழுதட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அங்கே கேட்பது எழுத்து.

கணவரிடம் நீங்கள் தூது போக வேண்டாம். சலுகைக் கடிதம், மேலே உள்ள இரண்டு கடன் கணக்கு, உதவிபெறும் கல்லூரியின் கட்டண விவரம் மூன்றையும் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று மகளே கூப்பிட்டுப் பேசட்டும். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் வந்தால் பெங்களூரு, வராவிட்டால் நாகர்கோவில் என்று அவளே அப்பாவிடம் சொல்லட்டும். மேல்முறையீட்டுக்குப் பதில் வரும் தேதியும் கல்லூரிச் சேர்க்கை முடியும் தேதியும் அதற்குள் அவள் கையில் இருக்க வேண்டும்.